சந்தேகங்களுக்கு விளக்கம்: குப்பைமேட்டை அள்ளிவிட்டால் போர்த் தண்ணீர் தேறிவிடுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. சென்னை பெருங்குடி பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்து எடுக்கிறார்கள். எங்கள் போர்த் தண்ணீர் மோட்டார் போடும்போது தெளிவாகத்தான் வருகிறது. வாளியில் வைத்தால் சாயங்காலத்துக்குள் பழுப்பாகிவிடுகிறது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,800. குப்பை போய்விட்டால் தண்ணீர் சரியாகிவிடுமா?"

உடனே சரியாகாது அம்மா. மேலே இருப்பதை அள்ளலாம். 1980-களிலிருந்து குப்பையில் ஊறி வடிந்து மண்ணுக்குள் இறங்கிய சாறு எங்கே போகும்? இன்றைய விதிப்படி புதிதாகக் கட்டினால் அடியில் 90 செ.மீ. களிமண், அதன்மேல் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பு என்று போட வேண்டும். அந்தக் காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் அப்படியே கொட்டினார்கள். சாற்றில் இருக்கும் அம்மோனியா களிமண்ணில் ஒட்டிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். தோண்டுவது நல்ல வேலை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோண்டிய குழியில் ஐப்பசி மழை இறங்கும்போது சாறு கூடலாம். அதனால் வேலை நடக்கும்போதுதான் அதிகமாகக் கவனிக்க வேண்டும்.

இப்போது அந்த வாளிக்கு வருவோம். எனக்குப் பிடித்ததே அதுதான். அந்தப் பழுப்பு இரும்பு. அது குப்பையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்றில்லை. சாற்றில் இருக்கும் அழுகல் பொருள் நிலத்தடியில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் மண்ணிலேயே இருக்கும் இரும்பு கரைய ஆரம்பிக்கும். கரைந்த இரும்புக்கு நிறம் தெரியாது. வாளியில் காற்றுப் பட்டதும் துருவாகி அடியில் படியும். பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்பும்போதும் இதுதான் நடக்கிறது. பிடித்த இடத்திலேயே வடிகட்டி அமிலம் சேர்க்காவிட்டால் இரும்பெல்லாம் பாட்டில் அடியில் தங்கிவிடும். ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வரும். கண்காணிப்புக் கிணற்றில் (நிலத்தடி நீரைச் சோதிக்கவே போட்ட கிணறு) கயிறு கட்டி மேலாக மொண்டு வருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது தேங்கிக் கிடந்த தண்ணீர். கிணற்றில் நிற்கும் நீரைப் போல மூன்று மடங்கு இறைத்துக் கொட்டிய பிறகு பிடிக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லியும், அது குப்பைமேட்டு வேலைதான் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கரணைச் சேற்றிலும் அழுகல் உண்டு, அதுவும் இரும்பைக் கரைக்கும். டிடிஎஸ் கூடியது கடல் உப்பாலும் இருக்கலாம். கடல்நீரில் சோடியம் பொட்டாசியத்தைப் போல ஏறக்குறைய 27 மடங்கு. குப்பைச் சாற்றில் பொட்டாசியம் அவ்வளவு பின்தங்காது. ஆகவே டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பாமல் சோடியம், பொட்டாசியம், குளோரைடு, அம்மோனியா நான்கையும் சேர்த்துக் கேளுங்கள். அம்மோனியாவும் செப்டிக் டேங்கிலிருந்து வரலாம்தான். அதனால்தான் ஒரே கிணற்றின் கணக்கை வைத்துக்கொண்டு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். என் பழைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு இது அலுத்திருக்கும். குப்பைமேட்டுக்கு நிலத்தடி நீர் வரும் பக்கம் ஒரு கிணறு, போகும் பக்கம் சில கிணறுகள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும்.

என்னைக் கேட்டால், "எங்கள் தெருவில் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் போகிறது?" என்றுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அது தெரிய, நேர்க்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். ஒவ்வொன்றிலும் நீர்மட்டத்தை, தரையிலிருந்து இல்லாமல், கடல்மட்டம் போல ஒரே பொது மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். சதுப்பு நிலத்தின் மேல்நீர் ஒக்கியம் மடுவு என்ற நீர்வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போகிறது. கீழே ஓடுவதும் அதே பக்கம் போகும் என்று எழுதிவைக்க முடியாது. பெரிய அடுக்குமாடி ஒன்று இரவும் பகலும் இறைத்தால் திசையே மாறலாம்.

சுத்தம் செய்ய வழி உண்டா? எல்லை ஓரமாகக் கிணறு போட்டு இறைத்துச் சுத்திகரிக்கலாம், ஆனால் வருஷக்கணக்கில் ஓட்ட வேண்டும். வீட்டில் என்ன செய்வது என்றால், இப்போதைக்குக் குடிக்க, சமைக்க மெட்ரோ தண்ணீர்தான். கொதிக்க வைத்தால் உப்பு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஆர்ஓ வைப்பதானால் முதலில் காற்றுப் படவிட்டு மணலில் வடிகட்டுங்கள். இல்லாவிட்டால் இரும்பு ஆர்ஓவில் தண்ணீரை வடிகட்டும் சவ்வை அடைத்துவிடும். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன், ஏழெட்டு மில்லிகிராம் குளோரினைத் தின்றுவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது.

அப்புறம் ஒன்று. 2016 திடக்கழிவு விதிகளில், குப்பைக்கிடங்கின் எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைக் கோடை, மழை, மழைக்குப் பின் என்று மூன்று பருவத்திலும் பார்க்கச் சொல்லியிருந்தது. அந்தக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வந்தால் எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். நீர்மட்டம் குறிக்காத தாளாக இருந்தால் மட்டும் அனுப்ப வேண்டாம், அதை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.