துடைக்கிற கைக்குத்தான் முதலில் தெரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் 26 வருடம் நிர்வாகப் பொறுப்பில் இருந்தேன். வைத்தியம் என் வேலையில்லை. தண்ணீர் டேங்க், லிஃப்ட், ஜெனரேட்டர், படுக்கை விரிப்பு, கழிவறை, தீயணைக்கச் சுவரில் தொங்கும் சிவப்பு சிலிண்டர், இதெல்லாம்தான் என் வேலை. தீப் பாதுகாப்பைப் பற்றி ஒருநாள், தூய்மையைப் பற்றி இன்னொரு நாள் பேசலாமே என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். ஒரே நாளில் சேர்த்தே பேசிவிடுகிறேன் என்றேன். என் அனுபவத்தில் அது இரண்டு வேலை இல்லை, ஒரே வேலை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரி. நல்ல மழை. மணி மூன்றிருக்கும். இரண்டாம் மாடியில் ஆண்கள் வார்டு. கண்டனூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஓர் அக்கா இரவு ஷிஃப்டில் தூய்மைப் பணியில் இருந்தார். ஒரு கட்டிலுக்குப் பின்னால் சுவரைத் துடைக்கிறார். புறங்கை சுவிட்ச் போர்டில் பட்டிருக்கிறது. சுட்டது. உடனே பக்கத்துக் கட்டிலின் போர்டையும் தொட்டுப் பார்த்திருக்கிறார். அது ஜில்லென்று இருந்தது. குனிந்து மோந்து பார்த்தால் லேசாக ரப்பர் கருகிய வாடை.

வார்டில் இருந்தவரிடம் சொன்னார். "பிளக்குன்னா சூடாத்தான்க்கா இருக்கும்" என்று பதில் வந்தது. அந்த அக்கா விடவில்லை. வாளியை அப்படியே வைத்துவிட்டு இரண்டு மாடி இறங்கி, தூங்கிக்கொண்டிருந்த எலெக்ட்ரீசியனை எழுப்பிக் கூட்டிவந்தார். அவர் மெயினை அணைத்து போர்டைக் கழற்றினால், உள்ளே ஒயரின் மேல்தோல் உருகிப் பாகு மாதிரி வழிந்திருக்கிறது. நோயாளிக்குத் துணைக்கு இருந்தவர்கள் ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு, வெந்நீர் போடுகிற கெட்டில், செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் எல்லாவற்றையும் மாட்டியிருந்தார்கள். பிளக்கின் பிடியும் தளர்ந்திருந்தது. தளர்ந்த இடத்தில்தான் சூடு ஏறும். போர்டுக்குக் கீழே லாக்கர், லாக்கர் மேல் செய்தித்தாள் கட்டு, அதற்கு மேலே ஆக்சிஜன் குழாய். இன்னும் ஒருமணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

காலையில் அவரைக் கூப்பிட்டு, "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னது எனக்கு மனப்பாடம். "தினம் தொடுற இடம் சார். எப்பவும் ஜில்லுனு இருக்கும். அன்னைக்கு இல்ல."

அவ்வளவுதான் சொன்னார். கூரையில் புகை கண்டால் கத்தும் கருவி பொருத்தியிருந்தோம். அதற்குப் புகை வந்தால்தான் தெரியும். அந்த அக்காவின் கைக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு இரண்டு மாற்றம் செய்தேன். கழிவறைக் கதவில் எத்தனை மணிக்குத் துடைத்தார்கள் என்று கையெழுத்துப் போடும் அட்டை தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி அட்டையை ஒவ்வொரு வார்டுக்கும் போட்டு, "சூடு, வாடை" என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அப்புறம், தூய்மைப் பணியாளர் வந்து சொன்னால் எந்த நேரமானாலும் எலெக்ட்ரீசியன் எழுந்து போய்ப் பார்த்தாக வேண்டும். ஒன்றுமில்லாமல் போனாலும் சொன்னவரை யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஒன்றுமில்லாமல் போனதுதான் அதிகம். அதனால் என்ன? ஒருமுறை திட்டிவிட்டால் அடுத்த தடவை சொல்லமாட்டார்கள்.

இந்த இடத்தில் மருத்துவமனை நடத்துகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூய்மைப் பணிக்கு ஒப்பந்தம் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றாதீர்கள். ஒரு வார்டுக்கு ஒரே ஆள் தொடர்ந்து இருக்கட்டும். தினம் தொட்ட கைக்குத்தான் வித்தியாசம் தெரியும். சம்பளம் ஒன்றாம் தேதி கையில் போய்ச் சேரட்டும். இதையும் தீப் பாதுகாப்புச் செலவு என்றே கணக்கில் எழுதுங்கள்.

சரி, அடுத்தது வழி. நம் ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கானாடுகாத்தானோ ஆத்தங்குடியோ, முன் வாசலில் நின்று பார்த்தால் பட்டாலை என்கிற முன்கூடம், வளவு என்கிற முற்றத்துப் பகுதி, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின் வாசல் நேராகத் தெரியும். முன் வாசல் ஒரு தெருவில், பின் வாசல் அடுத்த தெருவில். அடுப்படி கடைசிக் கட்டில். முற்றத்துக்கு மேலே திறந்த வானம். புகை வந்தால் மேலே போகும், மனிதர் பின்பக்கமாக வெளியே போகலாம். சின்ன வயதில் எங்கள் ஆச்சி, அந்த நேர்வழியில் ஒரு முக்காலியைப் போட்டால்கூட "நடையில வைக்காதே" என்று சத்தம் போடுவார்கள். அதையேதான் மருத்துவமனையிலும் 26 வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நடையில் வைக்காதே.

மருத்துவமனைப் பின்படிக்கட்டைப் போய்ப் பாருங்கள். மருந்து வந்த அட்டைப்பெட்டி, உடைந்த சக்கர நாற்காலி, மாப், வாளி, கிழிந்த மெத்தை எல்லாம் அங்கேதான் கிடக்கும். துடைக்கிறவர்களுக்குச் சாமான் வைக்க ஓர் அறை கொடுக்காவிட்டால் அவர்களும் வேறு எங்கே வைப்பார்கள்? அந்த அறையைக் கொடுக்காத நிர்வாகத்தின் தவறு அது. ஒரு காலத்தில் எங்கள் பின்கதவிலும் பூட்டுத் தொங்கியது. பார்வை நேரம் முடிந்த பிறகும் ஆட்கள் அந்த வழியாக ஏறி வருகிறார்கள் என்று பூட்டியிருந்தார்கள். ஒத்திகை நடத்தினோம். சாவி யாரிடம் என்று கேட்டுக் கேட்டு, வாட்ச்மேன் டீ குடித்துவிட்டு வரும்வரை 11 நிமிடம் நின்றோம். நான் கையில் கடிகாரத்தோடு நின்றேன். மறுநாளே பூட்டு போய்விட்டது. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போட்டு, திறந்தால் மணி அடிக்கும்படி செய்தோம்.

2011 டிசம்பர் 9 அதிகாலையில் கொல்கத்தாவில் ஒரு பெரிய மருத்துவமனையில் சுமார் 90 பேர் இறந்தார்கள். தீ தொடங்கியது பொருள்கள் அடைத்து வைத்திருந்த அடித்தளத்தில். இறந்தவர்களில் பெரும்பாலோர் மேல்மாடிகளில் இருந்த நோயாளிகள். தீ அவர்களைத் தொடவில்லை, புகைதான் மேலே ஏறி மூச்சை அடைத்தது. கொல்கத்தா தூரம் என்று நினைக்கவேண்டாம். 2024 டிசம்பர் 12 இரவு நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் 6 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தார்கள். தீ என்றால் லிஃப்டில் ஏறக்கூடாது, படிக்கட்டுதான். அந்தப் படிக்கட்டில் பொருள் இருக்கக்கூடாது. திரும்பவும் சொல்கிறேன், நடையில் வைக்காதீர்கள்.

இனி, துடைக்கிற பொருளைப் பற்றி. கையில் தேய்த்துக்கொள்ள ஒரு திரவம் வைத்திருப்பார்கள். அதில் பெரும்பங்கு ஆல்கஹால். கை உலர்ந்த பிறகுதான் வேறு வேலை. ஈரக்கையோடு தீக்குச்சி கிழித்தால் பிடித்துக்கொள்ளும், அந்தச் சுவாலை கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆக்சிஜன் ஓடும் கட்டிலில் போர்வைக்குள்ளும் தலையணைக்குள்ளும் அது தேங்கி நிற்கும். அங்கே ஒரு பொறி விழுந்தால் துணி சாதாரணமாக எரியாது, குப்பென்று பிடிக்கும். ஒரு கார்த்திகைத் தீபத்தன்று ஓர் ஆச்சி, ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னலில் அகல் ஏற்றிவிட்டார்கள். பக்திதான், குறை சொல்லமாட்டேன். அவர்களோடு கீழே இறங்கி, வாசல் பிள்ளையார் பக்கத்தில் அந்த விளக்கை வைத்துக்கொடுத்தோம். அதுமுதல் ஒவ்வொரு கார்த்திகைக்கும் வாசலில் ஒரு மேடை போட்டு, எண்ணெய், திரி எல்லாம் நாங்களே வைத்தோம். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் ஒளித்து ஏற்றுவார்கள்.

அப்புறம் ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்கிற கிருமிநாசினித் திரவம். ரத்தம் சிந்திய இடத்தில் பழைய துணியைப் போட்டு மூடி, ஒரு சதவீத ஹைப்போ ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டுத்தான் துடைக்கவேண்டும். ஐந்து சதவீதக் கேனாக இருந்தால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர். அன்றன்றைக்குக் கலக்கவேண்டும், வெயில் பட்டால் வீரியம் போய்விடும். கழிவறை ஆசிடோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். இது உங்கள் வீட்டுக்கும் பொருந்தும். வார்டைப் பெருக்கக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்கவேண்டும். பெருக்கினால் தூசியும் கிருமியும் கிளம்பி அடுத்த கட்டிலில் போய் உட்காரும். ஏ.சி. ஃபில்டரில் படிகிற பஞ்சும், சலவை உலர்த்தியில் சேர்கிற நூல்தூசும் அப்படித்தான். நோய்க்கும் தீனி, தீக்கும் தீனி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிடம்தான். குப்பை வாளிகளின் நான்கு நிறத்தைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமில்லை. சிவப்பு சிலிண்டரை மட்டும் சொல்லிவிடுகிறேன். முள் பச்சைக் கட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். பின்னை இழுத்து, தீயின் அடியைக் குறிவைத்து, பிடியை அழுத்தி, இடவலமாக வீசவேண்டும். முதுகுக்குப் பின்னால் வெளியேறும் வழி இருக்கட்டும். மின்சாரத் தீக்குத் தண்ணீர் ஊற்றவேண்டாம். தீயணைப்பு நிலையத்துக்கு 101.

நடக்கமுடியாத நோயாளியைத் தூக்க ஆள் தேடி நிற்காதீர்கள். விரிப்போடு சேர்த்துத் தரையில் இறக்கி, தலைப்பக்கத்து விரிப்பைச் சுருட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டே போகலாம். முதலில் மாடிவிட்டு மாடி வேண்டாம், அதே தளத்தில் புகை இல்லாத அடுத்த பகுதிக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்துங்கள். எங்கள் ஒத்திகையில் என்னை விரிப்பில் வைத்து இழுத்தது அந்தக் கண்டனூர் அக்காதான். தனியாகவே வார்டு முழுக்க இழுத்துக்கொண்டு போனார்.

வணக்கம்.