சைக்கிள் ஃப்ரேம் குழாய்: வாய் வெட்டிப் பொருத்துவது எப்படி?

[திரையில்: ஒரு குழாயின் முனை இன்னொரு குழாயின் மேல் சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் விளக்கு. இடுக்கில் வெளிச்சம் கசிகிறது.]

ஒரு குழாயோட முனையை இன்னொரு குழாய் மேல ஒட்டி உட்கார்ற மாதிரி வளைவா வெட்டறதுதான் வாய் வெட்டறது. சரியா வெட்டாத இந்த இடுக்கைப் பாருங்க. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெல்டிங்ல நிரப்பிடலாம்னு தோணும், நிரப்பவும் முடியும். ஆனா நிரப்புன உலோகம் ஆறும்போது சுருங்கும். இடுக்கு எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கமே குழாயை இழுக்கும். குழாய்ச் சுவரும் ரொம்ப மெல்லிசு. குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) பட்டட் குழாய்னா முனை கனமாவும் நடு மெல்லிசாவும் இருக்கும்; முனையில 0.9, நடுவுல 0.6 மில்லிமீட்டர்னு வரும். ஒட்டி உட்காராத ஓரம் சூடு தாங்காம உருகி, ஓட்டை இன்னும் பெருசாயிடும். வீட்டுல ஃப்ரேம் கட்டறவங்க பலரும் வெல்டிங்குக்குத்தான் பயப்படறாங்க. என்னைக் கேட்டா, கவலைப்பட வேண்டியது அரம் பிடிக்கற நேரத்துலதான்.

வெட்டறதுக்கு முன்னாடி, முனையில அந்தக் கனமான பகுதி எவ்வளவு நீளம்னு தயாரிப்பாளர் கொடுத்த வரைபடத்துல பார்த்துக் குழாய் மேல குறிச்சுக்குங்க. மூட்டு கண்டிப்பா அதுக்குள்ளதான் விழணும். 0.6 இருக்கற இடத்துல மூட்டு வந்தா அந்தக் குழாயை ஒதுக்கி வைக்கறது நல்லது.

[திரையில்: காகிதப் பட்டை குழாயைச் சுற்றுகிறது.]

இப்ப வளைவு. ஒரு குழாயோட முனை இன்னொரு குழாயோட உடம்பை அணைச்சு உட்காரணும். ரெண்டு குழாயோட விட்டமும், சேர்ற கோணமும் தெரிஞ்சா, அந்த வளைவைக் காகிதத்துல வரைஞ்சு தர்ற மென்பொருள்கள் இருக்கு. அச்செடுத்ததும் அளந்து பாருங்க: 28.6 மில்லிமீட்டர் குழாய்க்குப் பட்டையோட சுற்று கிட்டத்தட்ட 90 மில்லிமீட்டர் வரணும். வரலைன்னா அச்சு அளவு மாறிப்போச்சு. ஹோல்சா, அதாவது வட்டமா துளை போடற ரம்பம் வச்சு வெட்டறவங்க ஒண்ணு கவனிங்க. ஹோல்சாவோட அளவு, வெட்டற குழாயோட விட்டம் இல்லை. அது போய் உட்காரப்போற குழாயோட விட்டம்.

எனக்கு ஹேக்ஸாவும் அரைவட்ட அரமும்தான் பிடிக்கும். பட்டையைக் குழாய்ல சுத்திப் போட்ட கோட்டுக்கு வெளியே வெட்டிட்டு, மீதியை அரத்தால கொஞ்சம் கொஞ்சமா எடுக்கலாம். அரம் போற திசை, எதிர்க் குழாய் எந்தக் கோணத்துல வரப்போகுதோ அதே கோணத்துல இருக்கணும். ரெண்டு காது மாதிரி நீட்டிக்கிட்டு வர்ற ஓரம் கத்தி முனையா மெலிஞ்சா, அதை மழுக்கிடுங்க. இல்லைன்னா வெல்டிங்ல முதல்ல கருகறது அதுதான். குழாயை வைஸ்ல நேரடியா இறுக்காதீங்க, நசுங்கிடும். குழாய் அளவுக்குத் துளை போட்டு, ரெண்டா அறுத்த மரக்கட்டைக்குள்ள வச்சு இறுக்குங்க. அடிக்கடி எடுத்து எதிர்க் குழாய் மேல வச்சு விளக்குக்கு நேரா பாருங்க. எந்தப் பக்கமும் வெளிச்சம் வரக்கூடாது.

ஒரு முனை சரியாயிடுச்சு. இந்த வேலையோட கஷ்டமான பகுதி இனிமேதான் வருது.

[திரையில்: டாப் ட்யூப் (ஃப்ரேமின் மேல் குழாய்). ஒரு முனையில் ஹெட் ட்யூப் (ஹேண்டில்பார் பக்கக் குழாய்), மறு முனையில் சீட் ட்யூப் (இருக்கையைத் தாங்கும் குழாய்). ஹெட் ட்யூப் மெல்லத் திருகிச் சாய்கிறது.]

டாப் ட்யூபோட ரெண்டு முனை வெட்டும் ஒரே தளத்துல இருக்கணும். ஒண்ணு லேசா திரும்பி இருந்தாலும், ஹெட் ட்யூப் சீட் ட்யூபுக்கு நேரா நிக்காது. முன்சக்கரம் ஒரு பக்கம் சாயும். கணக்கு போடுவோம். 90 மில்லிமீட்டர் சுற்றுல ஒரு டிகிரின்னா கால் மில்லிமீட்டர். கோடு போடற மார்க்கர் முனையே அதைவிடத் தடிப்பு. அந்த ஒரு டிகிரி, 600 மில்லிமீட்டர் தள்ளிப் போனா, 10 மில்லிமீட்டருக்கு மேல விலகல்.

அதனால ஒரு ஆங்கிள் இரும்பைக் குழாய் மேல கவுத்து வைங்க. அது தானா குழாயோட அச்சுக்கு இணையா உட்காரும். அதோட ஓரத்தை ஒட்டிக் கூர்மையான ஊசியால முனைக்கு முனை லேசா ஒரு கோடு. காகிதப் பட்டையோட மையக்கோடு ரெண்டு பக்கமும் இந்தக் கோட்டுலதான் வரணும். ரெண்டாவது முனையை வேணும்னே அரை மில்லிமீட்டர் நீளமா விட்டு, கடைசியா அரத்தால எடுங்க. எடுத்துட்டா திரும்ப ஒட்ட முடியாது.

டவுன் ட்யூப், அதாவது ஹெட் ட்யூப்ல இருந்து கீழே சாய்ஞ்சு வர்ற குழாய். அதோட கீழ்முனை பாட்டம் பிராக்கெட்டையும் (பெடல் அச்சு உட்கார்ற கூடு) சீட் ட்யூபையும் சேர்த்துத் தொடும். அங்க ரெண்டு வளைவு. முதல்ல பாட்டம் பிராக்கெட்டுக்கு வெட்டுங்க, அப்புறம் சீட் ட்யூபுக்கு.

செயின் ஸ்டேயை (பாட்டம் பிராக்கெட்ல இருந்து பின்சக்கரத்துக்குப் போற குழாய்) டயருக்கு இடம் விட வளைக்கணும்னா, குழாய் விட்டத்துக்குச் சரியான வளைக்கற அச்சுலதான் (டை) வளைக்கணும். மெல்லிய குழாயோட உள்பக்கம் சீக்கிரம் சுருங்கி மடியும். உள்ள மணல் அடைக்கறவங்க காய்ஞ்ச மணலா பார்த்து அடைங்க. ஈரம் இருந்து சூடும் பட்டா, நீராவி அழுத்தத்துல முனை அடைப்பு தெறிக்கும்.

வெல்டிங்குக்கு முன்னாடி, ஹெட் ட்யூப்லயும் பாட்டம் பிராக்கெட்லயும் மூட்டு வர்ற இடத்துக்குள்ள சின்னத் துளை போடுங்க. இல்லைன்னா குழாய்க்குள்ள சூடாகற காற்று, உருகின உலோகத்தைத் துளைச்சுக்கிட்டு வெளியே வரும். துத்தநாகம் பூசுன குழாயை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீங்க, அந்தப் புகை காய்ச்சல் கொண்டு வரும். முனையில உள்ளயும் வெளியயும் எமரி போட்டு, அசிட்டோன்ல துடைச்சு, எல்லாக் குழாயையும் ஜிக்ல, அதாவது குழாய்களை அதனதன் இடத்துல பிடிச்சு வைக்கற சட்டத்துல வைங்க. எதையும் அழுத்தாம, தட்டாம, தானா உட்கார்ந்தா டாக், அதாவது அங்கங்க சின்னப் பொட்டு வெல்டிங், போட ஆரம்பிக்கலாம்.