ஒரு சுவருக்கு ஒரு நாள்

(ஒரு கல்லூரியின் வரலாற்று மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

துறைத்தலைவர் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், மாணவ மாணவியருக்கும் வணக்கம்.

மரபுப் பயணம் என்ற பெயரில் நம் கல்லூரிகளில் வழக்கமாக என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். விடியற்காலையில் பேருந்து கிளம்பும். காஞ்சிபுரத்தில் மூன்று கோயில், மதியச் சாப்பாடு, மாமல்லபுரம், கடற்கரையில் குழுப்படம், இரவு பத்து மணிக்கு வீடு. அடுத்த வாரம் ஆளுக்குப் பத்துப் பக்கம் பயண அறிக்கை. நாற்பது பேர் அறிக்கையிலும் ஒரே வாக்கியங்கள் இருக்கும். எங்கிருந்து வந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதை நான் குறை சொல்லவில்லை. பேருந்தில் பாடிக்கொண்டு போகிற வயது இது, போகத்தான் வேண்டும். ஆனால் அது சுற்றுலா. வரலாறு படிக்கிறவர்கள் ஒரு நாளைக்கு ஒரே இடம்தான் போக வேண்டும் என்பேன். முடிந்தால், அந்த இடத்திலும் ஒரே சுவர்.

காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறை என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, ஆண்டு 919, 921. இது பாடப்புத்தகம். நேரில் போய்ப் பார்த்தால் சுவரில் 919 என்று எங்கும் இருக்காது. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி', அதாவது மதுரையை வென்ற பரகேசரி, என்று அரசனைச் சொல்லி, அவனுக்கு ஆட்சியாண்டு பன்னிரண்டு என்றுதான் இருக்கும். சோழ அரசர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டார்கள். அவர்களில் மதுரையை வென்ற பரகேசரி யார்? முதலாம் பராந்தகன். அவன் பட்டத்துக்கு வந்தது 907. பன்னிரண்டைக் கூட்டினால் 919. வகுப்பில் ஒரு மணி நேரம் இதைப் பற்றிக் கேட்காமல் போனவருக்கு அந்தச் சுவர் வெறும் கிறுக்கல். அதனால்தான் முதலில் சொற்பொழிவு, அப்புறம் பேருந்து என்கிறேன்.

சரி, படிக்கத் தெரிந்துவிட்டது. இப்போதுதான் சுவாரசியமே தொடங்குகிறது. முதல் கல்வெட்டில் வாரியத்துக்கு, அதாவது ஊர்ச் சபையின் குழுவுக்கு, நிற்பவரின் வயது 30க்கு மேல், 60க்குள். இரண்டே ஆண்டு கழித்து வெட்டியதில் 35க்கு மேல், 70க்குள். ஏன் மாற்றினார்கள்? முதல் ஏற்பாட்டில் என்ன சிக்கல் வந்தது? இளைஞர்கள் தகராறு செய்தார்களா, பெரியவர்கள் விடமாட்டோம் என்றார்களா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. நீங்கள்தான் யோசிக்க வேண்டும். இன்னும் பாருங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இடமில்லை. இந்தக் கடைசி விதியைக் கேட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஆனால் இது ஒரு பிராமணச் சபையின் விதி. நிலமில்லாதவர், பெண்கள், அதே ஊரில் உழுதவர், நெய்தவர் யாருடைய பெயரும் அந்தக் குடத்துக்குள் விழவில்லை. உலகத்தின் முதல் ஜனநாயகம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிடுவார்கள். பெருமைப்படுவது தப்பில்லை. முழுசாகப் படித்துவிட்டுப் பெருமைப்படுங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் முதலில் காதில் விழுவது, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை. மாலை நான்கு மணிக்கு அங்கே நின்று பாருங்கள், நிழல் நன்றாகவே விழும். சொன்னதைச் சோதித்துப் பார்ப்பதற்கு இதைவிட மலிவான பாடம் கிடைக்காது. அந்த நிழலிலேயே உட்கார்ந்து சுவரைப் படிக்கலாம்.

அங்கே விளக்குக்குக் கொடுத்த கொடைகள் இருக்கின்றன. ஒரு நொந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, என்றால் நாளுக்கு ஓர் உழக்கு (பழைய முகத்தலளவை) நெய். அதற்கு 96 ஆடு, இல்லாவிட்டால் 48 பசு, இல்லாவிட்டால் 16 எருமை. கோயில் இவற்றை இடையர்களிடம் ஒப்படைத்துவிடும். ஆடு சாகும், குட்டி போடும், ஆனால் கணக்கில் 96 என்பது மாறாது. நெய் வந்துகொண்டே இருக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்று சோழர் காலத்துக் கல்வெட்டுகள் சொல்வது இதைத்தான். பக்தி என்று ஒரு சொல்லில் முடித்துவிட முடியுமா இதை? எவ்வளவு மேய்ச்சல் நிலம் வேண்டும்? மழை பொய்த்த ஆண்டில் அந்த இடையர் என்ன செய்தார்? பொருளியல் துறை நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், நல்ல சண்டை வரும்.

அதே கோயிலின் திருச்சுற்றில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் பணிக்கு வந்த ஆடல் மகளிரின், பட்டியல் இருக்கிறது. தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீடு, பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் (தானிய அளவு) நெல். ஆரூர், பழையாறு, ஐயாறு என்று வரும் ஊர்களை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். ராஜராஜன் எங்கிருந்தெல்லாம் ஆட்களைத் திரட்டினான் என்பது கண்ணுக்கு முன்னால் வரும். பத்துப் பக்க அறிக்கைக்குப் பதிலாக இந்த ஒரு வரைபடத்தை வாங்கிக்கொண்டு மதிப்பெண் போடலாம் என்று பேராசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே என்று நினைக்க வேண்டாம். பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டவர் எஸ்.கே. கோவிந்தசாமி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். மதுரை மாங்குளம் குன்றில் பழைய பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டுகள் 1882இலேயே கண்ணில் பட்டவை. அவற்றின் மொழி தமிழ் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கியது 1924இல். நாற்பது ஆண்டுக்கு மேல் எழுத்து அங்கேயேதான் இருந்தது.

மாங்குளம் மாதிரி குன்றுகளுக்குப் போனால் காலை வெயில் சாய்வாக விழும்போதே போய்விடுங்கள், உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. தெரியவில்லை என்பதற்காகச் சாக்பீஸால் எழுத்தின் மேல் வரையாதீர்கள். அப்படி வரைகிறவர் தான் படித்ததை வரைகிறார், கல்லில் இருப்பதை அல்ல, அடுத்து வருகிறவரையும் கெடுக்கிறார். மைப்படி எடுப்பது, அதாவது கல்லின் மேல் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் பதிவெடுப்பது, அனுமதியோடு பயிற்சி உள்ளவர்கள் செய்யும் வேலை. நீங்கள் கைபேசியில் பல கோணத்தில் படம் எடுத்தாலே போதும்.

அந்தப் படத்துக்கு மதிப்பு இருக்கிறது. திருப்பணி என்று மணல் வீச்சு அடித்து எத்தனையோ கோயில்களில் எழுத்து தேய்ந்துபோனது. புதிதாகத் தளம் போட்டதில் அதிட்டானமே (சுவருக்குக் கீழுள்ள அடித்தளமே) பாதி புதைந்த கோயில்களும் உண்டு. உங்கள் ஊர்க் கோயிலில் எழுத்து இருந்தால், நீங்கள் இன்று எடுக்கும் படம்தான் நாளைக்கு மிஞ்சும் ஆதாரமாக இருக்கலாம்.

பயணம் முடிந்த வாரத்தில் இன்னொரு சொற்பொழிவு வையுங்கள் என்பது என் கோரிக்கை. முதல் சொற்பொழிவில் ஆசிரியர் பேசட்டும். இரண்டாவதில் மாணவர்கள் பேச வேண்டும், சுவரில் என்ன புரியவில்லை என்று. நீங்கள் உத்திரமேரூர் போகப்போவதாகத் துறைத்தலைவர் சொன்னார். இரண்டு கல்வெட்டுகளின் அச்சுப் பாடத்தையும் முன்னதாகவே ஆளுக்கொரு படி எடுத்துக்கொள்ளுங்கள். 30 எப்படி 35 ஆனது என்று ஆளுக்கொரு ஊகம் எழுதி வையுங்கள். திரும்பி வந்து அதை விவாதிக்கிற அன்றைக்குச் சொல்லி அனுப்பினால் நானும் வந்து உட்காருகிறேன்.

இப்போது கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பின்வரிசையிலிருந்து தொடங்குவோம்.