தாயைத் தேற்றிய பிள்ளை

(திருகோணமலையில் படம் காட்டி முடிந்த பிறகு பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். விளக்கைப் போட்டதும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தங்கச்சிக்காரி சிறுநீரகத்தைக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும்தானே?" அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் இப்போது பார்த்த 'மை சிஸ்டர்ஸ் கீப்பர்' 2009இல் வந்த படம். நோயாளி அக்காவுக்குச் சிறுநீரகம் கொடுக்கச் சொல்லித் தன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தங்கை பெற்றோர் மீது வழக்குப் போடுகிற கதை. ஜோடி பிக்கோ 2004இல் எழுதிய நாவல்தான் மூலம். நாவலில் வழக்கை வென்ற தங்கை ஆனா, வாகன விபத்தில் அடிபட்டு மூளைச்சாவு அடைகிறாள். அவளுடைய சிறுநீரகத்தால் அக்கா கேட் பிழைக்கிறாள். படத்தில் விபத்து இல்லை. இரத்தப் புற்றுநோயோடு வளர்ந்த அக்காதான் இறக்கிறாள். எனக்குப் படத்தின் முடிவுதான் சரி. எங்கிருந்தோ ஒரு விபத்து வந்து கணக்கைத் தீர்த்துவிட்டால், அந்தப் பிள்ளை என்ன கேட்டது என்று தாய் காதுகொடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடும்.

அந்தப் பிள்ளை கேட்டது என்ன? "போதும், என்னை விடுங்கள்." அவ்வளவுதான். தங்கையை வழக்குப் போடச் சொன்னதே அக்காதான் என்று கூடப்பிறந்த ஜெசி நீதிமன்றத்தில் போட்டுடைக்கிறான். எதிர்த்து வாதாடிக்கொண்டு நிற்பவள் பெற்ற தாய். அப்புறம் அந்தக் கடைசி இரவைப் பாருங்கள். தான் படம் ஒட்டிச் சேர்த்த கொப்பியைத் தாயின் கையில் கொடுத்து, சாகப்போகிற பிள்ளை தாயைத் தேற்றுகிறது. தாய் கட்டிலில் ஏறி அவளை அணைத்துக்கொண்டு படுக்கிறாள். தூக்கத்திலேயே உயிர் போகிறது. வழக்கில் ஆனா வென்ற செய்தி அதற்குப் பிறகுதான் வந்து சேர்கிறது.

செத்த பிறகு செய்கிற கடனெல்லாம் நமக்கு அத்துப்படி. இராவணன் தன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்றுதானே இங்கே பக்கத்தில் உள்ள கன்னியா வெந்நீர்க் கிணறுகளை இன்றும் காட்டுகிறோம். சாவதற்கு முதல் செய்ய வேண்டிய கடன்தான் நமக்குத் தெரியவில்லை.

என் அக்காவின் மகளுக்கும் கேட்டுக்கு வந்த இதே நோய்தான். ஒன்பது வயது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு வருடம் அலைந்தோம். அவளுக்கு முன்னால் நாங்கள் யாரும் அந்த நோயின் பெயரைச் சொன்னதில்லை. ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "அம்மா, அழுகிறதென்றால் இங்கேயே இருந்து அழுங்கோ. குசினிக்குள்ளே போகாதேங்கோ." நாங்கள் மறைத்ததையெல்லாம் அவள் எப்போதோ அறிந்திருக்கிறாள்.

படத்தில் அந்தத் தகப்பன், மனைவி தடுக்கத் தடுக்க, மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கடற்கரைக்குக் கூட்டிப்போகிறாரே, அந்த இடத்தில்தான் நான் எழுந்து வெளியே போனேன். எங்கள் பிள்ளையும் கடலுக்குப் போகக் கேட்டாள். இரண்டு தரம் கேட்டாள். காற்றுப் பட்டால் காய்ச்சல் வரும் என்று நான்தான் மறித்தேன். உப்புவெளிக் கடற்கரை எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.