உரிமை பெற்றவரின் பொறுப்பு

அவையோர் அனைவருக்கும் வணக்கம். உரிமை, கடமை என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொல்லும்போதே, கடமையைச் செய்து முடித்தவருக்குத்தான் உரிமை என்ற எண்ணமும் ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடுகிறது. வரி கட்டத் தவறியவருக்கும் நீதிமன்றத்தில் தம் தரப்பைச் சொல்லும் உரிமை உண்டு. கொடுங்குற்றம் புரிந்தவரையும் சித்திரவதை செய்யக் கூடாது. 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனம், உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்த பிறகு, 29ஆம் பிரிவில்தான் சமுதாயத்திற்கு ஒருவர் ஆற்ற வேண்டிய கடமையைப் பற்றிப் பேசுகிறது. அந்த வரிசையில் பொருள் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அப்படியானால் குடிமக்களின் பொறுப்புதான் என்ன? உரிமை பெற்றவர் அதைப் பெறாதவருக்காகவும் பேசுவதே அவற்றுள் தலையாயது. நியூசிலாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்ட தாள்களைக் கேட் ஷெப்பர்ட் ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 270 மீட்டர் நீளச் சுருளாக்கித் துடைப்பக் கட்டையில் சுற்றினார். ஜான் ஹால் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் அதை உருட்டிவிட, அது விரிந்துகொண்டே சென்று எதிர்ச்சுவரில் மோதி நின்றது. 1893 செப்டம்பர் 19 அன்று சட்டம் நிறைவேறியது. சுவிட்சர்லாந்திலோ, கூட்டாட்சித் தேர்தல்களில் பெண்கள் வாக்களிக்கலாமா என்பதை ஆண்களே வாக்களித்து முடிவு செய்ய வேண்டியிருந்தது. 1959இல் மூன்றில் இரு பங்கினர் மறுத்தனர், 1971இல் அதே அளவினர் இசைந்தனர். விதிமுறைப்படி நடந்த வாக்கெடுப்பும் பாதி மக்களை வெளியே நிறுத்திவைக்க முடியும் என்பதை 1959 காட்டிவிட்டது. பெரும்பான்மையின் முடிவு என்ற ஒன்றே அதை நியாயமாக்கிவிடாது.

வாக்களிப்பதைச் சட்டக் கடமையாக்கிய நாடுகளும் உண்டு. ஆஸ்திரேலியா 1924இல் அவ்வாறு செய்ததும் வாக்குப்பதிவு வெகுவாக உயர்ந்தது. ஆனால் வாக்குச்சாவடி வரை ஒருவரை வரவழைக்கும் சட்டத்தால், அடுத்த தேர்தல் வரை அவரை விழித்திருக்கச் செய்ய இயலாது. அரசின் ஆவணங்களை மக்கள் கேட்டுப் பார்க்கலாம் என்று சுவீடன் சட்டம் இயற்றியது 1766இல். கேட்பார் இல்லையென்றால் அந்த ஆவணங்கள் அலமாரியிலேயே கிடக்கும். அவற்றைப் பொறுமையாகப் படித்து, கணக்கு உதைக்கும் இடத்தைக் கண்டு, அதற்கு விளக்கம் கேட்டு எழுதுகிறவர், அதற்காகத் தேர்தல் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.