உங்கட வெள்ளைச் சேட்டு ஏன் கள்ள நோட்டு மாதிரி மின்னுது?

[காட்சி: பலசரக்குக் கடை மேசை. ஊதா லைட் எரிகிறது.]

ஒரு நிமிசம் இதைப் பாருங்கோ. இது திருகோணமலையில எங்கட ஒழுங்கை முகப்பில இருக்கிற கடை. மேசையில இருக்கிறது காசுத்தாள் நல்லதோ கள்ளமோ எண்டு பாக்கிற ஊதா லைட். முதல்ல நல்ல ஐயாயிரம் ரூபாய்த் தாளை வைக்கிறன். தாள் மங்கிப்போய்க் கிடக்குது, அங்கங்க சில அடையாளம் மட்டும் ஒளிருது. இப்ப என்ர மருமகன்ர பள்ளிக்கூடச் சேட்டை வைக்கிறன்.

நீலமா எரியுது, பாத்தீங்களா! கடைக்கார அண்ணை சேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். பிறகு தான் உடுத்திருந்த சாரத்தின்ர நுனியை லைட்டுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அதில இருந்த வெள்ளைக் கோடெல்லாம் மின்னுது.

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு நாங்கள் உடுப்புத் தோய்க்கிற தூளைப் பற்றித்தான் கதைக்கப் போறம். பின்னணியைச் சுருக்கமாச் சொல்லிடுறன்: சவுக்காரம் எண்ணெயும் காரமும் சேர்ந்தது, சுண்ணாம்புத் தன்மையான கிணத்துத் தண்ணியில திரண்டுபோகும். சலவைத் தூளில இருக்கிறது பெரும்பாலும் பெற்றோலியத்தில செய்த சாமான், அந்தத் தண்ணியிலயும் நுரைக்கும். அவ்வளவுதான். இப்ப அந்த நீல வெளிச்சத்துக்கு வாறன்.

அம்மம்மா காலத்தில வெள்ளை உடுப்புக்கு நீலம் போடுவினம், ஞாபகம் இருக்கோ? துணி பழசாகப் பழசாக மஞ்சளடிக்கும். அந்த மஞ்சளை நீலம் மறைக்கும். ஆனா துணி ஒரு துளி மங்கிப்போகும். இப்ப தூளுக்குள்ள இருக்கிறது வேற ஆள். நிறமில்லாத சாயம். வெயிலில இருக்கிற, எங்கட கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விழுங்கி, நீல வெளிச்சமாத் திருப்பித் தரும். அதுதான் வெயிலுக்குள்ள நிண்டா சேட்டு கண்ணைக் கூசுது. 1929இல ஜெர்மனியில போல் கிறைஸ் எண்ட ஆய்வாளர் ஒரு மரப்பட்டைச் சாறில துணியை நனைச்சுப் பாத்து, வெள்ளை கூடுறதைக் கண்டுபிடிச்சார். அங்க தொடங்கினது, இண்டைக்கு எங்கட கிணத்தடிக்கு வந்திருக்கு.

இந்தச் சாயம் அழுக்கை எடுக்காது. ஒரு பருக்கை கூட எடுக்காது. அழுக்கை எடுக்கிறது தூளில இருக்கிற மற்றச் சாமான்கள். இது அலசின பிறகும் துணியில ஒட்டியிருக்கத்தான் சேர்க்கினம். வெளிச்சத்தை நாங்கள் சுத்தம் எண்டு நம்புறம்.

காசுத்தாள் ஏன் மின்னேல்லை? அந்தப் பருத்தித் தாளைச் செய்யேக்க இந்தச் சாயத்தைச் சேர்க்கிறேல்லை. சாதாரண வெள்ளைக் கடதாசியில சேர்ப்பினம், அதால அதில அடிச்ச கள்ள நோட்டு மின்னிப் பிடிபடும். சேட்டுப் பையில காசை மறந்து தோய்ச்சிட்டீங்களெண்டா, நல்ல தாளும் சாயத்தைக் குடிச்சு நீலமா மின்னலாம்! அப்பிடி ஒரு தாளைக் கடையில வாங்க மறுத்தா சண்டை பிடிக்காதேங்கோ, வங்கியில குடுங்கோ. இதைக் கட்டாயம் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கோ.

சரி, உடம்புக்கு என்ன செய்யும்? இந்தச் சாயத்தால பெரிய தீங்கு எண்டு பயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. எனக்குக் கவலை வாசம்தான். பக்கெற்றுக்குப் பின்னால "வாசனை" எண்டு ஒரு சொல்லுத்தான் இருக்கும், அதுக்குள்ள பத்து இருபது சாமான் ஒளிஞ்சிருக்கலாம். தோல் சொறியிற ஆக்களுக்கு அதில எது ஒத்துக்கொள்ளேல்லை எண்டு எப்பிடித் தெரியும்? கடைசியா ஊத்திற அந்த வாசத் திரவமும் துணியில ஒரு மெழுகுப் படலம் மாதிரித்தான் ஒட்டுது. அதால துவாய் தண்ணியை ஒழுங்கா உறிஞ்சாது. பால்குடிப் பிள்ளையின்ர துணிக்கு அது வேண்டவே வேண்டாம். எங்கட ஊர் வெயில் இருக்கேக்க உடுப்புக்கு என்ன வாசம் வேணும்?

ஒண்டை மட்டும் கெஞ்சிக் கேக்கிறன்: பிளீச்சோட கக்கூசு கழுவிற அசிட்டைச் சேர்க்காதேங்கோ. குளோரின் வாயு வரும், மூச்சு முட்டும்.

நுரையைப் பற்றி ஒரு வரி: 1950களில ஜெர்மனியில ஆறுகளுக்கு மேல நுரை மலை மலையாக் கிளம்பி, 1961இல சட்டமே போட்டவை, பிறகுதான் தூள் பக்டீரியா தின்னக்கூடிய வகைக்கு மாறினது.

பொலியெஸ்டர், அக்ரிலிக் உடுப்பும் சும்மா இல்லை. 2016இல பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருக்காத் தோய்ச்சா 700,000க்கு மேல பிளாஸ்ரிக் நுண்நூல் கழண்டு போகலாம் எண்டு கணக்குச் சொன்னவை. எங்கட நிலாவெளிக் கடலில இருக்கிற புறாமலைப் பவளப்பாறையை நினைச்சா மனம் கேக்குதில்லை.

[காட்சி: கிணத்தடி. தோய்க்கிற கல்லு.]

இப்ப எங்கட வளவுக்கு வாங்கோ. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரம் முழுக்க மணல், கிணறும் ஆழமில்லை. இந்தத் தோய்க்கிற கல்லைப் பாருங்கோ, கிணத்துக் கட்டில இருந்து நாலு எட்டுத்தான். நுரைத் தண்ணி மணலுக்குள்ள இறங்கினா எங்க போகும்?

கண்டுபிடிக்க அழகான வழி ஒண்டு இருக்கு. வெளிநாடுகளில ஆறுகளில வீட்டுக் கழிவுத் தண்ணி கலக்குதோ எண்டு பாக்கிறதுக்கு, இந்தச் சாயம் ஏறாத பருத்தித் துண்டைத் தண்ணிக்குள்ள சில நாள் கட்டி விடுவினம். சாயத்துக்குப் பருத்தியில ஆசை, தண்ணியில இருந்தா வந்து ஒட்டிக்கொள்ளும். நானும் செய்தன். பஞ்சை முதல்ல ஊதா லைட்டில பாத்தன், மின்னேல்லை. கம்பிக் கூட்டுக்குள்ள வைச்சு, வாளிக் கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கினன். அஞ்சாம் நாள் எடுத்துக் காயவைச்சு, அதே கடைக்குக் கொண்டுபோனன்.

[காட்சி: லைட்டுக்குக் கீழ பஞ்சு.]

ஓரத்தில, மெல்லிசா, அதே நீலம்.

அது எங்கட குடிதண்ணிக் கிணறு. சாயம் வந்த வழியால மற்ற அழுக்குத் தண்ணியும் வரும். அண்டு பின்னேரமே தம்பியும் நானும் கல்லைப் பிரட்டிப் பிரட்டி வளவின்ர மற்றப் பக்கத்து வேலியடிக்குக் கொண்டுபோயிட்டம். தூளையும் பாதியாக் குறைச்சாச்சு, சேட்டு ஊத்தையா இருக்கேல்லை. பஞ்சைத் திருப்பிக் கட்டியிருக்கிறன். மாரி மழை முடிய எடுத்து உங்களுக்குக் காட்டுறன். உங்கட கிணத்தில என்ன வந்தது எண்டு கீழ எழுதுங்கோ, கல்லு எத்தனை எட்டுத் தூரத்தில இருக்கு எண்டதையும் சேர்த்து.