இருபது வளைவுகளும் வேண்டும்

(சேலத்தில் ஓட்டுநர்களும் மாணவர்களும் கூடிய அரங்கொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார் பலர் ஏற்காட்டுப் பாதையில் பேருந்து ஓட்டியவர்கள். பின்வரிசையில் இருக்கும் தம்பி தங்கைகள் அதே பாதையைக் கணினியிலும் கைபேசியிலும் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நிற்கிற வேலை எங்களுடையது. வாகனம் ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்காகச் சேலத்தையும் சேர்வராயன் மலையையும் வரைபடமாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்தோனேசியாவின் மாலியோ நிறுவனம் 2017இல் வெளியிட்ட பஸ் விளையாட்டு நம் பிள்ளைகளிடம் எப்படிப் பரவியது என்று உங்களுக்குத் தெரியும். நம் ஊர் அரசுப் பேருந்தின் நிறம், தனியார் பேருந்தின் கண்ணாடி எழுத்து, ஏர்ஹாரன் சத்தம் வரை அதன் ரசிகர்களே அதற்குள் கொண்டுவந்துவிட்டார்கள். அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் பேருந்து நம்முடையது, அது ஓடுகிற சாலை ஜாவாத் தீவுடையது. சாலையும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.

"செயற்கைக்கோள் படம் இருக்கிறதே, உட்கார்ந்த இடத்திலேயே வரைந்துவிடலாமே, எதற்காக இப்படி வெயிலிலும் மழையிலும் அலைகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

விளையாட்டு வரைபடம் எதுவும் முழு அளவில் இருப்பதில்லை. செக் நாட்டின் எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்ட யூரோ டிரக் சிமுலேட்டர் 2 விளையாட்டில் அளவு ஏறக்குறைய 1:19. அதாவது 19 கிலோமீட்டர் தூரம் அங்கே ஒரு கிலோமீட்டர். அப்படிச் செய்யாவிட்டால் சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போகிற பையன் பள்ளிக்கூடம் போக முடியாது. சமவெளியில் இந்தச் சுருக்கம் உறுத்துவதில்லை. இரண்டு புளியமரம் குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

மலையில் இந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை சாலை சுமார் 20 கிலோமீட்டர். அதற்குள் நாம் ஏறுகிற உயரம் ஏறக்குறைய 1,200 மீட்டர். சராசரியாக 100 மீட்டர் போனால் 6 மீட்டர் ஏற்றம். இப்போது தொலைவை மட்டும் 19இல் ஒரு பங்காக்கிப் பாருங்கள். சாலை ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் மிஞ்சும். உயரம் அதே 1,200 மீட்டர். சாலையின் நீளத்தைவிட மலையின் உயரம் அதிகமாகிவிடுகிறது! அப்படி ஒரு சாலையை யாராலும் போட முடியாது. சரி, உயரத்தையும் அதே பங்கு குறைக்கலாம் என்றால் மொத்த மலையும் 63 மீட்டர் மேடாகிவிடும். அதன் உச்சியில் ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டை வைத்துக் கீழே சேலத்து விளக்குகளைக் காட்ட முடியுமா?

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் குறைக்கலாம், பேருந்தைக் குறைக்க முடியாது. பேருந்து முழு அளவில் இருக்கும்போது அது திரும்பும் வளைவும் முழு அளவில்தான் இருந்தாக வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள் ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பது, சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலை காங்கிரஸ் அமைப்பின் விதி. அப்படி ஒரு வளைவைச் சுற்றிவரவே 50 மீட்டருக்கு மேல் சாலை வேண்டும். நமக்கு வளைவுகள் 20. வளைவுகளுக்கே ஒரு கிலோமீட்டர் தீர்ந்துபோகும். இடையில் ஒரு சாண் நேர்ச்சாலை இருக்காது.

"அதனால் என்ன, ஆறு வளைவு போதும், யார் எண்ணப் போகிறார்கள்?" என்று குழுவில் சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சேலத்துக்காரன் எண்ணுவான். ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவிலும் எண் பலகையை உரக்கப் படித்துக்கொண்டு மலையேறிய குழந்தைகள்தான் இங்கே எல்லோரும். மலைக்கு மட்டும் தனி அளவு என்று முடிவு செய்தோம்: 1:3. சாலை ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, உயரம் 400 மீட்டர், சரிவு மாறாமல் அதே ஆறு விழுக்காடு, வளைவு முழுதாக இருபது. அதற்கு வேண்டிய இடத்தைச் சமவெளியிலிருந்து எடுத்துக்கொண்டோம்.

அப்படியானால் இரண்டு வளைவுகளுக்கு நடுவே இருக்கும் சாலையில் பெரும்பகுதியை வெட்டியாக வேண்டும். எதை வெட்டுவது? இதற்காகத்தான் அலைகிறோம். உட்கார்ந்த இடத்தில் கிடைக்கும் தரவு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. 2000 பிப்ரவரியில் எண்டவர் விண்கலத்திலிருந்து நாசா ரேடார் மூலம் எடுத்த நில உயர அளவு இலவசமாகக் கிடைக்கிறது. நாங்களும் அதில்தான் தொடங்கினோம். ஆனால் அதன் கட்டம் 30 மீட்டர், அதாவது 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் உயர அளவு. ஒரு கொண்டை ஊசி வளைவின் உட்புறம் முழுவதும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். மலையின் வடிவம் தெரியும், வளைவு தெரியாது. தெருக்களின் படங்களைக் காட்டும் கூகுள் சேவை 2022 ஜூலையில் இந்தியாவில் 10 நகரங்களுடன் வந்தபோது தமிழகத்திலிருந்து அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை மட்டும்.

எனவே வளைவுகளில் போய் நிற்கிறோம். முன்கண்ணாடியில் கேமரா ஓடுகிறது, கைபேசியில் உயரம் பதிவாகிறது. அவை தம் பாட்டுக்கு நடக்கட்டும். உண்மையான வேலை, ஒரே வளைவில் ஓரமாக நின்று வண்டிகள் எப்படித் திரும்புகின்றன என்று பார்த்துக்கொண்டே இருப்பது. ஏறிவரும் பேருந்து வெளி ஓரம்வரை அகலமாகப் போய், சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்புகிறது. அதற்கு முன்பே மேலிருந்து இறங்கும் வண்டி ஹாரன் சத்தம் கேட்டுச் சற்று மேலேயே நின்றுவிடுகிறது. மலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சட்டத்திலும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் நிற்பது என்பது எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் மேலே அப்படி ஓர் அகலமான இடம் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம். தார் முடிந்து மண்ணில் டயர் பதிந்த தடம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. மேலிருந்து எடுத்த படத்தில் அது வெறும் மண் ஓரம். எங்கள் வரைபடத்தில் அதில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. எதிரே வரும் வண்டி அங்கே காத்து நிற்கும்படி செய்திருக்கிறோம்.

பேருந்து ஓட்டுநர் ஒருவர், "தம்பி, ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர்" என்றார். மலைப்பாதை ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம் அது. அந்த ஒரு வாக்கியம் எங்கள் வேலையின் பாதியை முடிவு செய்தது. விளையாடுகிறவன் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் ஐந்தாம் கியரில் இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போக வேண்டும். அதற்குச் சரிவு உண்மையானதாக இருக்க வேண்டும், இறக்கம் போதுமான நீளத்துக்கு இருக்க வேண்டும்.

இறக்கத்தின் நீளம் என்றதும் தொப்பூரைச் சொல்லாமல் விட முடியாது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் கணவாய் அது. பார்த்தால் பயமே வராது. அகலமான நான்குவழிச் சாலை, கொண்டை ஊசி வளைவு ஒன்றுகூட இல்லை. படத்தை மட்டும் பார்த்து வேலை செய்கிறவர் அதை முதலில் வெட்டுவார். ஆனால் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கி, கீழே வரும்போது பிரேக் பிடிக்காமல் எத்தனை லாரிகள் முன்னால் போன வண்டிகள் மீது மோதியிருக்கின்றன! அந்தச் சாலையின் அபாயம் முழுவதும் அதன் நீளத்தில் இருக்கிறது. சுருக்கினால் அபாயம் மறைந்துவிடும். அது பொய்ச் சாலை. எனவே தொப்பூருக்கும் மலையின் அளவையே கொடுத்திருக்கிறோம். சங்ககிரி லாரிப் பட்டறைகளில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவர்கள், மற்றதெல்லாம் எப்படியிருந்தாலும் இதைச் சரியாகச் செய்யுங்கள் என்றார்கள்.

சமவெளியில் ஒவ்வொரு சாலைக்கும் ஒன்றிரண்டு அடையாளங்களே போதும். ஓமலூர் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கத்தின் வெளுத்த மேடுகள். ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி ஆலைக் களங்களில் வெயிலில் பரப்பிய வெண்மை. நகருக்குள் 2020இல் திறந்த ஐந்து ரோடு ஈரடுக்கு மேம்பாலம். செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளில் லாரி நுழையாது என்பதால் அவற்றை விட்டுவிட்டோம். எனக்கு அதில் வருத்தம்தான்.

மலையில் இன்னும் ஒரு பாடுபட்ட விஷயம் இருக்கிறது: மரங்கள். அடிவாரத்தில் முட்புதரும் மூங்கிலும். மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் படர்ந்த மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி இந்த மலையின் நிறத்தையே மாற்றிவிட்டது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்குவது எந்த வளைவில் என்று நடந்தே பார்த்தோம். அது ஒரு கோடல்ல. வெயில் படும் சரிவில் புதர் மேலேவரை ஏறிவருகிறது, நிழல் பக்கத்தில் சீக்கிரமே ஒதுங்கிவிடுகிறது. அந்த வேறுபாடு இல்லாத மலை எனக்கு ஏற்காடாகத் தெரியவில்லை.

மலைச்சாலை அப்படியே இருந்துவிடுவதும் இல்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து இந்தப் பாதையில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியிருந்தது. சரிந்த இடத்தில் புதுச் சுவர் வரும், பழைய தடுப்பு போய்விடும். அதனால் எங்கள் வரைபடத்தில் எந்த மாதத்துச் சாலை என்பதைக் குறித்துவைக்கிறோம்.

அடுத்த வேலை குப்பனூர் வழி. கொட்டச்சேடு பக்கமாக இறங்கும் அந்தச் சாலையில் கோடை விழாக் கூட்டம் இறங்கி வருவதைத்தான் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அதை அன்றாடம் ஓட்டியவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள் என்று தெரியும். பின்புற மேசையில் அந்தப் பாதையைப் பெரிதாக அச்சிட்டு விரித்திருக்கிறோம், பென்சிலும் இருக்கிறது. இறங்கும் வண்டி எங்கே ஒதுங்கி நிற்கும், எங்கே ஹாரன் அடித்தே ஆக வேண்டும், மழையில் எந்த இடம் வழுக்கும் என்று நீங்கள் குறித்துக் கொடுங்கள். சரிபார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அடிவாரத்திலிருந்து கிளம்புகிறோம். வர முடிந்த அண்ணன்மார் எங்களோடு வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள். நன்றி.